கலங்கலாண்ட

என் வயசுக்காரர்களே, முட்டிக்குத் தைலமும் காதுக்கு மப்ளருமாக இருக்கிறவர்களே, உங்களில் யாரையாவது ஒரு சொல் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறதா? என்னைப் போன வியாழக்கிழமை எழுப்பிவிட்டது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது மாடிப் பிள்ளை ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், செய்தி போட்டிருந்தான். ‘ஞாயிறு ஏரி நடை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. குடும்பத்தோடு வரவும். காலை ஆறரைக்குக் கலங்கல் அருகே கூடுவோம்.’

கலங்கல் என்றால் என்ன என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் கேட்டாள். ஏரி ரொம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிவைத்த இடம் என்று அவன் எழுதி, கூடவே மேப்பில் சிவப்பாக ஒரு பின்னையும் போட்டுவிட்டான். பன்னிரண்டு பேர் உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கு அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. கையை அலம்பிவிட்டு ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். டீவியைப் போட்டேன், அணைத்தேன். துணி மடிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்தேன். எங்களுக்கு அன்றைக்கு அந்தப் பின் இல்லை. ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நான். அப்போது எனக்குப் பத்து வயசு. ஓயாமல் பேசுகிற பெண், அன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உங்களைப் பிடித்து உட்காரவைக்கிறேன்.

எங்கப்பாவுக்கு உட்காரத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டு அறை வீட்டில் எங்களைக் குடிவைத்திருந்தார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் லேத் முன்னால் நின்றுவிட்டு, அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்து, வீட்டிலும் நின்றுகொண்டேதான் காப்பி குடிப்பார். “உக்காந்து குடிச்சா காப்பி கசக்குமோ?” என்பாள் அம்மா. குடித்துக்கொண்டே வாசலுக்குப் போவார், திரும்புவார், கடிகாரத்தைப் பார்ப்பார், சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். அந்த மழைக்காலத்தில் இந்த நடமாட்டம் ரொம்ப அதிகமாகிவிட்டது.

காரணம் அக்கா. அவளுக்குப் பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதமும் ‘மூத்தவளுக்கு எப்போ’ என்றுதான் முடியும். இரண்டு வீட்டார் வந்து, கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, பெண் நிறம் கம்மி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை அக்கா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. இனி என் மகளைத் தட்டோடு எவன் முன்னாலும் நிறுத்த மாட்டேன் என்று அப்பா சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். அதையும் நின்றுகொண்டே ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அக்கா மதுரவாயலில் டைப்ரைட்டிங் படித்தாள். லோயர் பாஸ், ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் பூந்தமல்லியிலிருந்து வருகிற பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே பிதுங்கும். நம் காலத்துப் பஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நிற்கிறவர் கையில் புத்தகமோ பையோ இருந்தால், உட்கார்ந்திருக்கிறவர் கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பேச்சுக் கிடையாது, நன்றி கிடையாது. அக்காவின் புத்தகத்தைத் தினமும் ஒரே ஆள் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லியில் ஏறி வருகிற ஒரு வாலிபர். ஏழெட்டு மாசம். மழை நாளில் மட்டும் தன் கைக்குட்டையை மடியில் விரித்து, அதன் மேல் புத்தகத்தை வைத்துக்கொள்வாராம். ஒரு வார்த்தை பேசியதில்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு அக்கா தன் கல்யாணப் பெட்டியை அடுக்கும்போது என்னிடம் சொன்னது.

அந்த வாலிபர் வீட்டில் சொல்லி, வீட்டார் விசாரித்து, கடைசியில் எங்கப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். அவருக்குச் சென்னீர்குப்பம்தான் பிறந்த ஊர். தகப்பன், பாட்டன் எல்லாம் அங்கே பயிர் வைத்தவர்கள். பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் பேசினார். நான் பெடலைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தேன்.

“உங்க ஆளுங்கதான் நைனா. மூணு தலமுறையா பூந்தமல்லிலயே கீறாங்க. ஊட்டுக்கெல்லாம் வர வாணாம். ஞாயித்துக்கெழம ஏரிக்குக் குடும்பத்தோட சும்மா நடக்கப் போற மாதிரி போ. ஒம்பது மணிக்குக் கலங்கலாண்ட வந்துடு. அவுங்க அங்க நிப்பாங்க.”

அந்த இடத்தில் அம்மா என்னை மோர் எடுத்து வரச் சொல்லி உள்ளே விரட்டினாள். மிச்சத்தை அம்மா வாயாலேயே பல வருஷம் கழித்துக் கேட்டேன். அந்த மனுஷர் வகுத்த ஏற்பாடு இது: “புள்ளையப் பாத்தும் பாக்காத மாதிரி இருப்பாங்க. புட்சிருந்தா அவுங்களே வந்து பேசுவாங்க. புடிக்கலன்னா அவுங்க பாட்டுக்குப் போய்க்கினே இருப்பாங்க. அப்பால யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டுக்கக் கூடாது. உன் புள்ளைக்கும் மனசு நோவாது, அவுங்களுக்கும் சங்கடம் கெடையாது.”

எத்தனை நாசூக்கான ஏற்பாடு பாருங்கள். யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து யோசித்தது. நல்லவர்கள் சேர்ந்து யோசித்தால் இப்படித்தான் எதையாவது கோட்டை விடுவார்கள்.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் திருநெல்வேலியில் கலங்கல் என்றால் கலங்கின தண்ணீர். சேறும் சகதியுமாக இருப்பது. வழிந்தோடுகிற இடத்துக்கு அங்கே மறுகால் என்று பேர். மதகை மடை என்பார்கள். ஏரியைக் குளம் என்பார்கள். அப்பா பத்து வருஷமாகச் சென்னையில் இருந்தாலும் அவர் வாயில் தண்ணீர் ஊர்த் தண்ணீர்தான். எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், அந்தக் கார்த்திகையில் அயனம்பாக்கம் ஏரி ரொம்பினபோது, பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கல் வரிசை மேல் தண்ணீர் வழவழவென்று வழிந்துகொண்டிருந்தது. “இதாண்டி கலங்கலு” என்றாள். மறக்கிற காட்சியா அது.

செருப்பைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு எனக்கு வாங்கியது. பின்னால் வார் வைத்து, பக்கிள் மாட்டுகிற சிவப்புச் செருப்பு. கடையில் ஒரு நம்பர் சின்னதாகத்தான் இருந்தது. எனக்கோ அந்தச் சிவப்பை விட மனசில்லை. சரியாக இருக்கிறது என்று சாதித்து வாங்கிவிட்டேன். “கடிக்குதுன்னு வந்து நின்னே, காலை ஒடிப்பேன்” என்று அம்மா கடை வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குளத்தைச் சுற்றி வரப் போகிறோம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா புளியோதரை கட்டினாள். ஒரு எவர்சில்வர் தூக்கில், பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த எங்கள் ஊர் முந்திரிக்கொத்து நிறைத்து, மூடியைத் துணியால் கட்டி, “இதைத் தொட்டே பாரு” என்றாள். அக்கா கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். கரையில் நடக்க யாராவது கிளிப்பச்சையில் புதுப் புடவை கட்டுவார்களா? எனக்குத் தோன்றவேயில்லை. வாசலில் அம்மா அவளை நிறுத்தி, “கண்ணாடியைக் கழத்தி வச்சிட்டு வா” என்றாள். அக்காவுக்குத் தூரப் பார்வை மோசம். பத்தடிக்கு அப்பால் ஆள் எது மரம் எது என்று தெரியாது. மறுபேச்சுப் பேசாமல் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெங்களூர் ரோட்டில் இன்னொரு பஸ். இறங்கின இடத்தில் ஒரு டீக்கடை. அப்பா போய், “அண்ணாச்சி, குளத்துக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டார்.

“கொளமா? கோயில் கொளம் பூந்தமல்லில கீது நைனா. நீ தாண்டி வந்துகினே.”

“அதில்ல, பெரிய குளம். குடும்பத்தோட சுத்தி வரலாம்னு.”

“அது ஏரி நைனா. சுத்தியா? நீ சுத்திகினு வர்றதுக்குள்ள பொழுது பூடும்.” கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. கலங்கல் எங்கே என்று அந்த ஆளிடமே கேட்டிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. சிரித்தவனிடம் இரண்டாவது கேள்வி கேட்கிற ஆள் இல்லை அவர். விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தார்.

கரை ஏறினதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். அக்கரை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. கரைக் கல்லில் அலை சளக் சளக்கென்று மோதியது. இடது பக்கம் கீழே நாற்று வயல், ஈரச் சாண வாசனை. தும்பிகள் மூக்கு வரைக்கும் வந்து திரும்பின. நின்று பார்க்க விட்டால்தானே? அப்பா முன்னால், அவரையும் முந்தப் பார்த்துக்கொண்டு அக்கா, நடுவில் இரண்டு கையிலும் தூக்கோடு அம்மா, கடைசியில் நொண்டிக்கொண்டு நான். “பைய நடங்களேன், யார் விரட்டுதா?” என்று அம்மா கத்தினது காற்றில் போயிற்று. அரை மைல் தாண்டும் முன்னே குதிகாலில் கொப்புளம் வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் உடைந்தது. பக்கிளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் அம்மா பார்த்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வலியில் எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது, தும்பி மேலும்.

ஒரு இடத்தில் கரையின் உள்சரிவில் கருவேல மரங்கள் நின்றன. அதன் கீழே தண்ணீரில் பத்துப் பதினைந்து எருமைகள் கிடந்தன. அங்கே மட்டும் தண்ணீர் காப்பிக் கலரில் குழம்பிக் கிடந்தது. அப்பா நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான். கலங்கல். குளம் பூரா தெளிஞ்சு கெடக்கு, இங்க மட்டும்தான் கலங்கல். பாத்தியா?”

“ஒருத்தர்ட்ட கேட்டுருங்களேன்” என்றாள் அம்மா.

எருமைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மாள் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா நேராகக் கேட்க மாட்டாரே. எதற்கு என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? சுற்றி வளைத்துக் கேட்டார். “ஏம்மா, இந்த இடம் எப்பவும் கலங்கலாத்தான் இருக்குமா?”

“மாடு எறங்குச்சுன்னா கலங்கலாத்தான் கீது நைனா. தண்ணி குடிக்கணும்னா அந்தாண்ட போ.”

“கேட்டியா?” என்றார் அப்பா அம்மாவைப் பார்த்து. “அந்தம்மாவே சொல்லிட்டாவல்லா.”

நான் சிரிப்பை அடக்கினேன். இது கலங்கல் இல்லை, எருமைக் குளியல் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது கரை வளைகிற இடத்தைப் பார்த்தேன். நல்ல தூரத்தில் வெள்ளையாகக் கல் கட்டு தெரிந்தது. அயனம்பாக்கத்தில் பார்த்ததேதான், இன்னும் பெரிசு. அதன் மேல் ஒரு கறுப்புக் குடை. குடைக்குப் பக்கத்தில் மூன்று நான்கு தலைகள். கலங்கல் அங்கே இருக்கிறது. சொன்னால் அங்கே நடக்க வேண்டும். இந்தக் காலோடு.

வாயை மூடிக்கொண்டேன். உட்கார்ந்து, பாவாடையைக் குதிகால் மேல் இழுத்து மூடிக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது.

ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. அப்பா கரை மேல் ஏறினார், இறங்கினார். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். கரையில் யார் போனாலும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒரு சைக்கிள்காரர், ஒரு மீன்காரம்மா, புல்லுக்கட்டோடு இரண்டு பேர். அம்மா ஒவ்வொரு தடவையும் அக்காவின் தலைப்பைச் சரிசெய்தாள். அக்காவோ உட்காருவாள், எழுவாள், புல்லைப் பிடுங்குவாள், பின்னலை முன்னால் போட்டுக்கொள்வாள், பின்னால் தள்ளுவாள். எறும்பு கடிக்கிறதோ என்றுதான் நினைத்தேன். எங்கள் நாலு பேரில் சும்மா உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

பத்து மணிக்கு மேல் அக்கா என் பக்கத்தில் வந்து குந்தினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வளைவைப் பார்த்தாள்.

“ஏட்டி, அங்கன யாராச்சும் தெரியுதா? உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே.”

குடை அப்போதும் இருந்தது. ஒரு ஆள் குடையை விட்டு வெளியே வந்து, கல் கட்டு நெடுக நடந்துவிட்டுத் திரும்பிப் போனார். வெள்ளைச் சட்டை. நன்றாகத் தெரிந்தது.

“யாருமில்ல. எருமைதான்” என்றேன்.

“நல்லாப் பாரு.”

“எருமைதான்க்கா.”

அக்கா எழுந்து போய்விட்டாள். அங்கே நிற்கப்போகிறவர்கள் யார், எதற்கு என்று எனக்குத் தெரியாது. அது நிஜம். ஆனால் நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அதுவும் நிஜம். குதிகால் எரிச்சலுக்காகச் சொன்ன பொய். அந்த வயசில் அதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் இருந்ததில்லை.

பன்னிரண்டரைக்கு மேல் எப்போதோ பார்த்தபோது குடையைக் காணோம். ஒரு மணிக்கு அப்பா அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார். வெறும் மண்ணில், வேட்டி அழுக்காகுமே என்று கூடப் பார்க்காமல். எருமைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தத் தூக்கைத் திற, பிள்ளையள் திங்கட்டும்” என்றார். அம்மா துணி முடிச்சை அவிழ்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நான் ஆறு முந்திரிக்கொத்து தின்றேன். அக்கா ஒன்றைக் கையில் வாங்கி, திரும்பிப் போகும்போது பஸ் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். வெல்லம் உருகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தூக்கை நாங்கள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அம்மா பாத்திரம் தொலைந்ததற்கு அழாத ஒரே நாள் அதுதான்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. “தூரத்துல நின்னு பாத்துருப்பான். நெறத்தப் பாத்துட்டுத் திரும்பிருப்பான். சொன்ன ஏற்பாடு அதுதானே.” உள் அறையில் அக்கா புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். சுவர் என்ன, அரைச் செங்கல் சுவர்.

மறுநாள் தொழிற்சாலையில் அப்பா சென்னீர்குப்பத்துக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே பேச்சு. ஒரே ஷிப்டில், பக்கத்துப் பக்கத்து மெஷினில், ஓய்வு பெறுகிற வரைக்கும் வேலை பார்த்தார்கள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்துக்கொண்டார்கள். கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா அந்த வாரமே பஸ்ஸை மாற்றினாள். முந்தின பஸ்ஸில், இருட்டோடு போனாள். மாசக் கடைசியில் டைப்ரைட்டிங்கையே நிறுத்திவிட்டாள். ஹையர் பரிட்சை எழுதவேயில்லை. அப்பா அவசர அவசரமாகத் தேடி, ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு அடுத்த ஆவணியில் கட்டிவைத்தார். பன்னிரண்டு வயசு மூத்தவர். அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்பார். வேறு எதையும் அவர் அக்காவிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணப் பெட்டி அடுக்கும்போதுதான் அக்கா பஸ் கதையைச் சொன்னாள். பழைய டைப்ரைட்டிங் புத்தகத்தைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஏரிக்குப் போவதற்கு முந்தின நாள் அந்த வாலிபர் முதல் தடவையாக வாய் திறந்திருக்கிறார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நாளைக்கு ஏரிக்கு வர்றீங்கதானே?” என்று. அவ்வளவுதான்.

“எட்டு மாசம் என் புஸ்தகத்தை மடியில வச்சிருந்தவரு” என்றாள் அக்கா. “என்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு.”

எனக்கு அப்போது பதினொன்று. அப்போதுதான் குடை, வெள்ளைச் சட்டை எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர ஆரம்பித்தது. சொல்லியிருக்கலாம். பத்திரிகை அடித்தாயிற்று, பந்தல்காரர் வந்தாயிற்று. அடி விழுமே என்று பயந்தேன். எல்லாவற்றையும்விட, ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், அது வேறு யாருடைய குடையோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானமும் அப்பா போன அன்றைக்குப் போயிற்று. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாலையோடு வந்த சென்னீர்குப்பத்துக்காரர், தள்ளாத வயசு, என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டார். “உங்க நைனாவாண்ட கேக்கக் கூடாதுன்னு இத்தினி வருசம் கேக்கல. இனிமே கேட்டாலும் பேச மாட்டாரு. உன்னாண்ட கேக்குறேன். அன்னிக்கு ஏன் வரல? அவுங்க குடையப் புட்சிகினு பகல் பன்னெண்டரை வரைக்கும் கலங்கலாண்ட நின்னாங்க. அந்தப் பையன் அங்கருந்து கெளம்பவே மாட்டேன்னுட்டான். அவங்க அம்மாதான் கையப் புட்சி ஊட்டுக்கு இஸ்துகினு போச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்க தூரமா நின்னு பாத்துட்டு, பையன் புடிக்காம பூட்டாங்கன்னு இன்னி வரைக்கும் நெனச்சிகினு கீறாங்க.”

பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் அதே நினைப்பு. நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “பஸ் கெடைக்கல மாமா” என்றேன். அந்த வயசிலும் பொய்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பிழைத்தேன்.

அதற்கப்புறமும் அக்காவிடம் சொல்லவில்லை. அத்தான் உயிரோடு இருக்கும்போது எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு சாக்கு. போன வருஷம் அத்தான் போனார். வருஷம் திரும்பட்டும் என்று இன்னொரு சாக்கு. அக்கா இப்போது மகனோடு பூந்தமல்லியில்தான் இருக்கிறாள், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து கண்ணாடியே வேண்டாம், தூரத்துப் பஸ் போர்டை என்னைவிட முன்னால் படித்துவிடுகிறாள். அந்த வாட்ஸ்அப் சொல் வந்த அன்றைக்குச் சாயங்காலமே போன் பண்ணினேன். “ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாரியா?” என்றேன். “வாரேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்காரர் போனில் அந்தப் பின்னைப் பார்த்து நேராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பளபளவென்று ஷூ போட்டு, கையில் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டுகிற வாட்ச் கட்டிக்கொண்டு, கரை முடிகிற இடம் வரைக்கும் நடக்கக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் இருவரையும், “ஆன்ட்டி, நீங்க இங்கயே உக்காருங்க” என்று விட்டுவிட்டுப் போனார்கள். கல் கட்டில் உட்கார்ந்தோம். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. கரை வளைவைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு கருவேலக் கும்பல் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் பெரிய தூரமே இல்லை. பத்து நிமிஷ நடை. நொண்டிக்கொண்டு வந்தால் கால் மணி.

சொல்லிவிட்டேன். கலங்கல் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது, குடை, வெள்ளைச் சட்டை, எருமை என்று சொன்ன பொய், சென்னீர்குப்பத்துக்காரர் கேட்ட கேள்வி, எல்லாம். அவள் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் கை கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “பன்னெண்டரை வரைக்குமா?” என்றாள்.

“ஆமா.”

“வெள்ளைச் சட்டை.”

“ஆமாக்கா.”

“திரும்பிப் போகல.”

“போகல. அவரை இழுத்துட்டுப் போனாவளாம்.”

புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கருவேல மரங்களையே பார்த்தாள். இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் அடிக்காகக் காத்திருக்கிறவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன். “எதுக்குட்டி பொய் சொன்ன?” என்றாள் கடைசியில்.

“செருப்பு கடிச்சுது. நடக்க முடியல.”

என் காலைப் பார்த்தாள். அறுபது வயசுக் கால், வெடிப்பும் வீக்கமுமாக.

“சொல்லியிருக்கலாம்லாட்டி” என்றாள். “பத்து வயசுக் கழுதைதான் நீ. ஆனாலும் இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு நான் நடந்திருப்பேனே.”